சுவருக்கு அந்தப் பக்கத்து ரிமோட்

நல்லம்பள்ளியில் சேலம் ரோட்டோரம் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறையில் மரியசூசைக்கு வேலை. ஊருக்கு அவர் சூசை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், "பொண்ணுங்க எல்லாம் தப்பிச்சிக்கிச்சுங்க" என்பார். சொல்லிச் சொல்லி அது ஜோக்கா நிஜமா என்று அவருக்கே மறந்துபோயிருந்தது.

ஒரு லாரி பட்டறைக்குள் திரும்பும்போதே அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, எந்தப் பட்டை உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். தப்பாகப் போனால், "லாரி பொய் சொல்லுது, நான் என்ன பண்றது" என்பார். பட்டறையில் இப்படி வாய் ஓயாதவர், சாயங்காலம் வீட்டுப் பூட்டைத் திறந்தால் அதோடு சரி. மறுநாள் பட்டறைக்குத் திரும்பும்வரை அந்த வாய்க்குச் சோறு தின்கிற வேலை மட்டும்தான்.

வீடு என்று சொல்வதும் கொஞ்சம் அதிகம். அது அரை வீடு. அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்ததில் கிழக்குப் பாதி சூசைக்கு. மேற்குப் பாதி தம்பி அல்போன்சுக்கும் அவன் மனைவி புஷ்பமேரிக்கும். கொல்லையையும் விட்டுவைக்கவில்லை, அங்கேயும் ஆள் உயரச் சுவர். அந்தச் சுவரைக் கட்டிய அன்றைக்கு அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் நின்றார்கள். நடுவில் கொத்தனார்.

"கொத்தனாரே, நூலு எம்பக்கம் வருதுனு அவருகிட்டச் சொல்லுங்க" என்றான் தம்பி.

கொத்தனார் ஒரு முழம் தள்ளி நின்ற அண்ணனிடம் திரும்பி அதையே சொன்னார்.

"நூலு ஒழுங்காத்தான் இருக்குது, கண்ணுதான் கோணைனு சொல்லுங்க" என்றார் அண்ணன்.

கொத்தனார் சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கு ரெண்டு கூலி வேணுங்க. ஒண்ணு சொவத்துக்கு, ஒண்ணு தபாலுக்கு."

அவர்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்திருந்தால் சுவரே தேவைப்பட்டிருக்காது. சிரிக்கவில்லை.

சண்டைக்குக் காரணம் நிலமோ நகையோ இல்லை. அம்மா மதலேனம்மாள் செத்தபோது சூசை பட்டறை வேலையாக லாரியில் பெங்களூர் போயிருந்தார். தகவல் கிடைத்து, பஸ் பிடித்து, ஓசூரில் மாறி, வந்து இறங்கினால் வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். பங்குச் சாமியாருக்கு வேறு ஊரில் பூசை இருந்ததாம்; காத்திருக்க முடியாதென்றாராம்; அல்போன்சு சரியென்று தலையாட்டிவிட்டானாம். அண்ணன் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. ஈரத் தரையைத்தான் பார்த்தார். அன்றைக்கு நின்ற பேச்சு நாலு வருஷமாக நின்றபடியே நின்றது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கோபமெல்லாம் முதல் வருஷத்திலேயே தேய்ந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு சூசைக்கு இருந்தது ஒரே ஆசை: தம்பி ஒரு வார்த்தை பேசவேண்டும். திட்டினாலும் பரவாயில்லை. ஆனால் முதலில் அவன் வாய்தான் திறக்கவேண்டும். அண்ணன் போய் முதலில் பேசினால், செத்துப்போன அம்மாவே எழுந்துவந்து சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசித் தம்பி சவரிமுத்து குவைத்தில் இருந்தான். இரண்டு வருஷத்துக்கொரு தடவை வருவான். வந்தால் இரண்டு அண்ணன் வீட்டிலும் மாறி மாறிச் சாப்பிட்டு, இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டுப் போவான். அவனிடம் ஒரு சட்டம் இருந்தது. எதைக் கொண்டுவந்தாலும் இரண்டாகத்தான் கொண்டுவருவான். இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கவேண்டும். டார்ச் லைட் என்றால் இரண்டு, கம்பளி என்றால் இரண்டு, இரண்டும் ஒரே நிறம். ஒன்று சிவப்பு ஒன்று பச்சை என்று வாங்கிவந்து, "அவங்களுக்கு மட்டும் செவப்பா" என்று கிளம்பிய சண்டைகளை அவன் பல வீட்டில் பார்த்திருந்தான். புஷ்பமேரிக்கு ஜப்பான் சேலை கொண்டுவந்தால் பெரியண்ணனுக்கும் அதே சேலை வரும். "எனக்கெதுக்குடா சேல" என்று சூசை கேட்டதற்கு, "எனக்குத் தெரியாதுங்ண்ணா, ஒரு வூட்டுக்கு ஒண்ணு" என்றான். அப்படி வந்த சேலைகள் சூசையின் டிரங்குப் பெட்டியில் பிரிக்காமல் கிடந்தன.

எண்பத்தேழாம் வருஷம் கோடையில் வந்தபோது இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள் கொண்டுவந்தான். மேலே மணலில் பறக்கிற ஒரு குட்டிக் கார் படம். பின்சக்கரம் பெரிசு, முன்சக்கரம் சிறிசு, கூரை கிடையாது, கம்பிக் கூண்டுக்குள் ஒரு பொம்மை டிரைவர்.

"ரிமோட் காருங்ண்ணா. ரேசு வண்டி. காடு மேடு எல்லாம் ஓடும். ஆனா நாமதான் பூட்டணும், பாட்டு பாட்டாக் கெடக்கும்."

"வூட்ல புள்ள இருக்குதாடா எனக்கு?"

"அல்போன்சண்ணனுக்கு மட்டும் இருக்குதா? ஒரு வூட்டுக்கு ஒண்ணு." பிறகு குரலை இறக்கிப் பெருமையாகச் சொன்னான். "ரிமோட்டுல குட்டியா ஒரு கிரிஸ்டல் சொருகணும். கடைக்காரன் ஒண்ணு மஞ்ச, ஒண்ணு நீலம் எடுத்துக்கோ, அப்பத்தான் நல்லதுன்னான். நான் வுடுவனா? ரெண்டுக்கும் மஞ்சயே வேணும்னு சண்ட போட்டு வாங்கியாந்தேன். அவனுக்கு நம்ம குடும்பத்தப் பத்தி என்ன தெரியும்."

லீவு முடிந்து சவரிமுத்து விமானம் ஏறிவிட்டான். பெட்டி சூசையின் கட்டிலுக்கடியில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், சுவரில் பல்லியைப் பார்த்து அலுத்துப்போய், அவர் பெட்டியை வெளியே இழுத்தார்.

அதன் பிறகு பல்லியைப் பார்க்க நேரமில்லை.

உள்ளே ஒரு வண்டியே துண்டு துண்டாக இருந்தது. படம் பார்த்துப் பூட்டவேண்டியதுதான். பின்சக்கரங்களுக்கு நடுவில் வரும் டிஃப்ரன்ஷியலைக் கையில் எடுத்தபோது சூசைக்கு வாய் பிளந்துவிட்டது. லாரியில் பார்ப்பது போலவே, ஒரு சக்கரத்தைப் பிடித்தால் இன்னொன்று சுற்றியது. நெல்லிக்காய் அளவுதான் இருந்தது. மோட்டார் முனையில் மாட்டுவதற்கு மூன்று குட்டிப் பல்சக்கரங்கள் இருந்தன; எதை வேண்டுமானாலும் மாட்டலாம். பெரிசை மாட்டினால் வேகம், ஆனால் மோட்டார் கொதிக்கும், பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். சின்னதை மாட்டினால் இழுவை.

மறுநாள் பட்டறையில் கூட வேலை செய்யும் ராஜாமணியிடம் காட்டினார்.

"சூசண்ணா, இதுல எத்தன டன்னு லோடு ஏத்தலாம்?"

"உன் மூளைய ஏத்தலாம்டா. வெயிட்டே தெரியாது."

"பெரிய பல்லப் போடுங்கண்ணா. பறக்கணும்ல?"

"பறந்து எங்க போவுது? ஏரியில புழுதி. இழுக்கிற வண்டிதான் வேணும்."

நல்லம்பள்ளிப் பக்கம் அந்த வருஷம் மழை இல்லை. ஏரி முழுக்க வெடித்துக் கிடந்தது, உடைந்த அப்பளம் மாதிரி. அதன் மேல் பவுடர் போலப் புழுதி. சூசை தினமும் வேலை முடிந்து வண்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனார். பெட்டியில் நாலு நாலாக இரண்டு செட் டயர் இருந்தது: முள் முள்ளாக ஒன்று, வட்ட வட்டமாக வரி போட்டது ஒன்று. நாலும் முள்ளாகப் போட்டால் திருப்பத்தில் வண்டி தடுக்கிக் குட்டிக்கரணம் போட்டது. நாலும் வரியாகப் போட்டால் புழுதியில் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றியது. பின்னால் முள்ளும் முன்னால் வரியும் போட்டு, டயருக்குள் பழைய பஸ் சீட் பஞ்சைச் சின்னதாக வெட்டித் திணித்ததும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. சொன்ன பேச்சைக் கேட்கிற ஒன்று அந்த வீட்டுக்கு வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

குலுக்கலைத் தாங்கும் ஷாக்குக்கு ஊற்றக் கொடுத்திருந்த எண்ணெயை, வண்டி பூட்டும்போதே கொட்டிவிட்டார். தையல் மிஷின் எண்ணெய் ஊற்றிப் பார்த்தார். வண்டி தவளை மாதிரி குதித்தது. விளக்கெண்ணெய் ஊற்றினார், மேட்டில் ஏறி இறங்குவதற்குள் கிழவி படியிறங்குவது போல ஆனது. வெயிலில் ஒரு மாதிரி, வெயில் தாழ்ந்ததும் ஒரு மாதிரி. கடைசியில் இரண்டையும் கலந்து, கலந்ததில் கொஞ்சம் மாற்றி, வண்டியைக் கையால் அமுக்கி விட்டால் ஒரே மூச்சில் எழுந்து நிற்கும்படி கொண்டுவந்துவிட்டார். அன்றைக்கு ஏரியில் வண்டி ஒரு வரப்பைத் தாண்டிப் பறந்து, நாலு காலில் பூனை போல இறங்கியது. சூசை திரும்பிப் பார்த்தார், யாரிடமாவது காட்டலாம் என்று. மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று இருந்தது. அதுவும் பார்க்கவில்லை.

ரேசு வண்டி. ரேசுக்கு இரண்டு வண்டி வேண்டும். இன்னொரு வண்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம்.

அடுத்த ஞாயிறு கோயிலிலிருந்து வந்து வண்டியைக் கொல்லையில் ஒரு பெட்டி மேல் வைத்து, சுவிட்சைப் போட்டு, பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட் ஆணியில் தொங்கியது, அணைந்திருந்தது. அப்படி இருக்கும்போது முன்சக்கரங்கள் லேசாக நடுங்கும், அது வழக்கம். ஆனால் இப்போது இரண்டும் சேர்ந்து இடப்பக்கம் திரும்பின. நின்றன. பிறகு பின்சக்கரங்கள் விர்ரென்று சுற்றி வண்டி பெட்டியிலிருந்து கீழே பாய்ந்தது.

சூசை சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு ஒயரில் கோளாறு என்று முடிவுகட்டி, வண்டியை மொத்தமாகப் பிரித்தார். ஒன்றும் காணோம். திரும்பப் பூட்டினார். மறுநாள் சாயங்காலம் அதே கதை. ஆனால் இந்தத் தடவை அவர் காது கொஞ்சம் தெளிவாக இருந்தது. தன் வண்டி விர்ரென்றபோதே சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு விர்ர் கேட்டது. இது நின்றபோது அதுவும் நின்றது.

மஞ்சள் கிரிஸ்டல். அந்தக் கடைக்காரன் ஏன் ஒன்று நீலம் எடுத்துக்கொள்ளச் சொன்னான் என்று இப்போது விளங்கியது. இரண்டு ரிமோட்டும் ஒரே அலை. தம்பி ரிமோட்டைத் தட்டினால் அண்ணன் வண்டியும் ஓடும். அண்ணன் தட்டினால்?

அவர் ஆணியிலிருந்து ரிமோட்டை எடுத்து, தம்பியின் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, தன் வண்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு தட்டு தட்டினார். அந்தப் பக்கம் விர்ர். ஒரு எவர்சில்வர் குடம் உருண்டது.

"சேசுவே, என்னங்க, இது தானா ஓடுதுங்க" என்றது புஷ்பமேரியின் குரல்.

"தானா எப்புடிடி ஓடும்? நீ எதையாவது அமுக்கியிருப்ப."

"நான் அரிசி களைஞ்சிட்டிருக்கேன். அரிசியவா அமுக்குனேன்?"

சூசை துண்டை வாயில் திணித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அவர் அந்த வீட்டில் கடைசியாக எப்போது சிரித்தார் என்று சுவருக்கும் தெரியாது.

அதிலிருந்து சாயங்காலம் என்றால் கொல்லைதான். ரைஸ் மில் வேலை முடிந்து அல்போன்சு வரும் நேரத்துக்கு வண்டியை ஆன் செய்து எதிரில் உட்கார்ந்துகொள்வார். சக்கரம் திரும்பும். சூசையின் மனசும் திரும்பும். தம்பி இடப்பக்கம் இரண்டு தடவை திருப்பினால், அவன் ஓய்ந்ததும் இவர் ரிமோட்டை எடுத்து இரண்டு தடவை இடப்பக்கம் திருப்புவார். சற்று நேரத்தில் அங்கிருந்து மறுபடி ஒரு திருப்பு வரும். இவருக்கு அது பதில். அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, வாய் திறக்கக் கூச்சப்பட்டுக் காரில் பேசுகிறான் என்று நினைத்தார். நினைக்க நினைக்க அது உறுதியாகிவிட்டது. கஞ்சி குடிக்கும்போது, "இன்னிக்கி நாலு தடவ கூப்புட்டான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

இதில் இன்னொன்றும் தெரிந்தது. அல்போன்சு ஓட்டும்போதெல்லாம் சூசை வண்டியின் முன்சக்கரங்கள் நேராக நிற்பதே இல்லை. எப்போதும் ஒரு நூல் இடப்பக்கம் திரும்பியே இருந்தன. அப்படியென்றால் அவன் கட்டைவிரல் ஓயாமல் இடப்பக்கம் அழுத்திக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் அவன் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராடைப் பூட்டும்போது நீளத்தைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டான். சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான். சைக்கிள் ஹேண்டில் கோணலாக இருந்தால் உடம்பைக் கோணிக்கொண்டு ஓட்டுவானே தவிர, ஸ்பேனரை எடுக்கமாட்டான். ராடை ஒரு அரைச் சுற்று சுற்றினால் போதும். அதைச் சொல்ல ஒரு வாய் இருந்தால் போதும். ஆனால் அதைக் காரில் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் "ராடைச் சுற்று" என்று வராது.

நாலு வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சு தொண்டையில் எவ்வளவோ இருந்தது. அதையெல்லாம் தள்ளிவிட்டு இந்த ஒரு வாக்கியம் முன்னால் வந்து நின்றுகொண்டது.

ஒரு ஞாயிறு சாயங்காலம் அல்போன்சு வண்டிப் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போவதைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து, தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு குறுக்கு வழியில் போய் மதகின் மேல் உட்கார்ந்தார். தன் வண்டியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ரிமோட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார்.

அல்போன்சு எதிர்க் கரையோரம் நின்று ஓட்டிக்கொண்டிருந்தான், தனியாக. அண்ணன் நினைத்தபடியேதான். வண்டி நேராக வரும், ஒரு மேட்டில் குதிக்கும், குதித்ததும் வலப்பக்கம் ஓடிக் கவிழும். அவன் நடந்துபோய் நிமிர்த்துவான், திரும்பி நடந்து வருவான். டயரும் நாலும் முள் டயர். பெரிய பல்சக்கரம் போட்டிருக்கிறான், சத்தத்திலேயே தெரிந்தது. சொல்லித்தர யாரும் இல்லாத ஆள் என்னென்ன தப்புப் பண்ணுவானோ அத்தனையும் பண்ணியிருந்தான். ஒரு தடவை கவிழ்ந்த வண்டியை எடுக்கப் போனவன் எடுக்காமல் அதன் பக்கத்திலேயே குந்திக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். சூசைக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மறுபடி சத்தம் கேட்டுத் திரும்பியபோது வண்டி முழு வேகத்தில் ஏரி நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. இதுவரை இல்லாத அளவுக்கு நேராக, அழகாக. அப்புறம் அதற்கு நிற்கத் தெரியவில்லை. ரிமோட் எட்டுகிற தூரத்தைத் தாண்டிவிட்டது. கடைசியாகக் கேட்ட பேச்சையே கேட்டுக்கொண்டு ஓடியது. அல்போன்சு ரிமோட்டை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தான்.

மதகுக்கு முன்னால் செங்கல் சூளைக்காரர்கள் மண்ணெடுத்த பள்ளம் இருந்தது. ஏரியில் மிச்சமிருந்த தண்ணீரெல்லாம் அதில்தான், பச்சையாக. வண்டி நேராக அதற்குத்தான் வந்தது.

சூசை எழுந்து தன் ரிமோட்டை ஆன் செய்து இடப்பக்கம் திருப்பினார். வண்டி திரும்பியது. அவருக்கு மூச்சு வந்தது. ஆனால் அதற்குள் அல்போன்சும் எட்டும் தூரத்துக்கு ஓடி வந்துவிட்டான். அவன் ரிமோட்டும் கத்த, இவர் ரிமோட்டும் கத்த, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வீட்டில் நடப்பதுதான் வண்டிக்கும் நடந்தது. தலை கிறுகிறுத்து வட்டமடித்தது. முன்னால் பாய்ந்தது, பின்னால் வந்தது, மறுபடி பள்ளத்தைப் பார்த்துப் பாய்ந்தது. இவர் என்ன திருப்பினாலும் கேட்கவில்லை. ஒரே வழிதான் இருந்தது. ஒருவர் நிறுத்தவேண்டும். இவர் நிறுத்தினால் அவனுக்கு வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்றே அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது.

"அல்போன்சு" என்று கத்தினார் சூசை. "சுச்ச நிறுத்துடா. உன்னுத நிறுத்து."

அவன் ஓட்டத்தில் அப்படியே நின்றான். வண்டியைப் பார்க்கவில்லை, மதகைப் பார்த்தான். பிறகு குனிந்து ரிமோட்டை அணைத்தான்.

வண்டியின் முன்சக்கரம் ஒன்று பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியிருந்தது. சூசை மெதுவாகப் பின்னால் இழுத்தார். மண் கொஞ்சம் உள்ளே சரிந்து தண்ணீரில் விழுந்தது. வண்டியைத் திருப்பி, பள்ளத்தைச் சுற்றிக் கொண்டுபோய், கட்டைவிரலால் ஒரு நூல் இடப்பக்கம் அழுத்திக்கொண்டே, தம்பி கால் அருகில் நிறுத்தினார். அது ஒன்றுதான் கொஞ்சம் திமிராகச் செய்தார். செருப்பில் இடிக்கும்படி நிறுத்தினார்.

அல்போன்சு வண்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நடுவில் பள்ளம். இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி.

"எப்புடி ஓடுச்சு இது?" என்றான். அண்ணனிடம் கேட்டானா வண்டியிடம் கேட்டானா என்று சொல்ல முடியாது.

"ஒரே கிரிஸ்டலு. அவன் ரெண்டும் மஞ்சயா வாங்கியாந்துட்டான்ல."

"அப்போ வூட்ல..." அல்போன்சு நிமிர்ந்தான். "வூட்ல தானா தானா ஓடுனது நீதானா?"

சூசைக்குச் சுருக்கென்றது. "உனக்குத் தெரியாதா?"

"எனக்கெப்புடித் தெரியும்? ஒயருல கோளாறுன்னு மூணு தடவ பிரிச்சிப் போட்டேன். அவ மந்திரிக்கணும்னா. தினம் தினம் சரி பண்ணிட்டு ஓட்டிப் பாப்பேன், கொஞ்ச நேரத்துல திரும்ப ஆரம்பிச்சிடும்."

பதில் என்று நினைத்ததெல்லாம் தம்பி கோளாறு பார்த்த சத்தம். இவர் பிரியமாக இரண்டு தடவை திருப்பிய ஒவ்வொரு சாயங்காலமும் அங்கே ஒருவன் ஸ்குரூ டிரைவரை எடுத்திருக்கிறான். இத்தனை நாளும் அந்தக் கொல்லையில் பேசிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். அது எந்த ஆள் என்று கேட்கத் தேவையில்லை.

"அன்னிக்கி..." என்று ஆரம்பித்தான் அல்போன்சு. பள்ளத்துத் தண்ணீரைப் பார்த்தான். சூசை காத்திருந்தார். அவன் அதை விட்டுவிட்டு, "வலது பக்கமே இழுக்குது" என்றான்.

"ஸ்டியரிங் ராடு. அரச் சுத்து சுத்து. மோட்டாருல சின்னப் பல்லப் போடு."

"முன்னாடியா பின்னாடியா?"

"ராடு முன்னாடிதானடா இருக்கும்."

"ம்" என்றான். சைக்கிளில் பெட்டியைக் கட்டினான். போகும்போது கையைக் கிய்யைத் தூக்கவில்லை. ஆனால் வரப்பு ஏறுகிற இடத்தில் ஒரு காலை ஊன்றி நின்று, மதகுப் பக்கம் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் சூசை பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். ராஜாமணி, "என்னண்ணா, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை. கொல்லையில் பெட்டி மேல் வண்டியை வைத்து ஆன் செய்தார். எதிரில் உட்கார்ந்தார்.

அல்போன்சின் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது. குழாயடியில் கால் கழுவும் சத்தம் கேட்டது. புஷ்பமேரி ஏதோ கேட்டாள், அவன் ஏதோ சொன்னான். முன்சக்கரங்கள் வழக்கம் போல லேசாக நடுங்கின. திரும்பவில்லை.

அடுத்த நாளும் திரும்பவில்லை. அதற்கடுத்த நாளும்.

அவருக்கு மெல்ல விளங்கியது. இப்போது அவனுக்குத் தெரியும், தான் தட்டினால் அண்ணன் வண்டி ஓடும் என்று. தொந்தரவு வேண்டாமென்று விட்டுவிட்டான். ஒருவேளை ஏரிக்குப் போய் ஓட்டுகிறானோ என்னவோ. தெரியாமல் இருந்தவரை தினமும் வந்துகொண்டிருந்தது. இரண்டு வார்த்தை பேசினார்கள், மரியாதை வந்துவிட்டது, அதோடு போயிற்று. பேசாமலே இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. மதகின் மேலிருந்து கத்தியது அவசரத்துக்கு. வண்டி பள்ளத்தில் விழாமலிருக்கக் கத்தியது. அதெல்லாம் பேச்சில் சேராது. இனிமேல் பேசினால்தான் பேச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் திருப்புளி உரசும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக்கில் ஸ்குரூ ஏறும் சத்தம் சூசைக்குத் தெரியாதா. ராடைச் சுற்றுகிறான். சுற்றி முடித்துவிட்டான். இப்போது சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்க்க ரிமோட்டை எடுக்கவேண்டும். எடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கமும் ஒரு ஆள்.

சூசை எழுந்து சுவரோரம் போனார். தலை தெரியாது, சுவர் ஆள் உயரம். அன்றைக்கு அவரே நின்று ஏற்றச் சொன்னதுதான். தொண்டையைச் செருமினார். அந்தப் பக்கத்தில் அசைவு நின்றது.

"அல்போன்சு."

கேட்கிறான் என்று தெரிந்தது.

"ஓட்டிப் பாத்துக்க. என்னுது ஆஃபு பண்ணிட்டேன்."

"நெசமாவா?" என்றது சுவர்.

"நெசமாத்தாங்கிறேன்ல."

வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். வண்டியை ஆஃப் செய்யவில்லை. முழங்கால்களைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்சக்கரங்களின் நடுக்கம் நின்றது. இரண்டும் நேராக நின்றன, ஒரு நூல்கூடப் பிசகாமல். பிறகு இடப்பக்கம் போய் வந்தன, வலப்பக்கம் போய் வந்தன.

"சரியாயிடுச்சா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார் சூசை.

"பரவால்ல" என்றான் தம்பி. "இரு, இன்னொரு தடவ பாக்கறேன்."